கவிழ்ந்த ஜாடி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொர்னேலியஸ் மனைவி மெட்டில்டாவின் கல்லறைக்குப் போய், கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி ரோஜாக்களை வைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் பார்த்தால் ஜாடி கவிழ்ந்திருக்கும். பூக்கள் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கியிருக்கும். யாரும் தொடவில்லை என்று காவலாளி சத்தியம் செய்தார்.

கொர்னேலியஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. போன மழைக்காலத்தில், டெங்குவில் இறந்துபோகும் முன், "அந்தக் கூலர் தண்ணியக் கொட்டுங்களேன்" என்று அவள் தினமும் சொன்னாள். அவர் கொட்டவில்லை. கொசு ஒழிப்புக்கு வந்த அனுபமாவிடம் கொட்டிவிட்டதாகப் பொய் சொன்னார்.

இந்த மழைக்கும் அனுபமா வந்தாள்.

"கூலர்ல தண்ணி இருக்கா அங்கிள்?"

படுக்கையறைக் கூலரை அவர் இன்னும் தொடவேயில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நக்கோம்மா, வேணாம், உள்ள வந்து பாக்கத் தேவையில்ல. எப்பவோ கொட்டியாச்சு."

உள்ளே ஏதோ கவிழும் சத்தம் கேட்டது. படுக்கையறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, கூடத்தைக் கடந்து, இருவரின் காலடிக்கும் வந்தது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"உள்ள யாரு அங்கிள்?"

கொர்னேலியஸ் தலை நிமிரவில்லை.

"அவதாம்மா. இப்பத்தான் கொட்டினா" என்றார்.