பன்னிரண்டாவது கத்தி

ஐயப்பன்தாங்கல் அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்குப் போகும் வழியில் லிஃப்ட் சட்டென்று நின்றது. உள்ளே பால்ராஜும் அவன் மனைவி லோகநாயகியும்தான்.

"பெல் அடிச்சியா லோகு?"

"அடிச்சிகினுதான் கீறேன். ஒருத்தனும் வரல." பட்டன் பலகையில் சாய்ந்தபடியே சொன்னாள்.

பால்ராஜுக்கு வேர்த்தது. அந்தப் பலகையில் நாலே நாலு ஸ்க்ரூ. அவன் பேன்ட் பையில் திருப்புளி வைத்த புது மடக்குக் கத்தி இருந்தது. ஆனால் பீரோவில் இருக்கும் பதினொன்றோடு இன்னொன்று சேர்ந்தால் மொத்தமும் காயலான் கடைக்குப் போய்விடும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவனும் மகள் தலைமேல் சத்தியம் செய்திருந்தான்.

"மூச்சு முட்டுதுயா. ஏதாவது பண்ணு."

பதினைந்து வருடமாகக் கத்தி வாங்குகிறான். கீறல் விழுந்துவிடும் என்று ஒரு ஆப்பிளைக்கூட நறுக்கியதில்லை. இப்படி ஒரு ஆபத்துக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தான்? கை தானாகப் பைக்குள் போனது.

"நகரு லோகு, பலகையக் கழட்டிப் பாக்கறேன்."

அவள் நகரவில்லை. கத்தியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு வாரமா உன் இடது கையில முடியே காணோம். புதுக்கத்தி வந்தா கூர் பாக்க அங்கதானே செரைப்ப?"

முதுகுக்குப் பின்னால், தானே அமுக்கி வைத்திருந்த சிவப்பு ஸ்டாப் சுவிட்சை விடுவித்தாள். லிஃப்ட் கிளம்பியது.