இறந்தவர் பெயர்

போனை வாங்கிய பெண் போலீஸ், ஊரடங்கு இ-பாஸை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

அப்போதுதான் ஆம்னி வேனின் பின்சீட்டில் இருந்தவளுக்கு உறைத்தது. அடக் கடவுளே, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

மருத்துவம் என்று போட்ட விண்ணப்பம் இரண்டு முறையும் தள்ளுபடி. மூன்றாவது கீமோவுக்குக் குறித்த தேதி போய்ப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் இதுவரை ஏற்றியதெல்லாம் வீண் என்று மதுரை டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

துக்கம் என்று போட்டால் உடனே கிடைக்கும் என்றார்கள்.

இறந்தவர் பெயர் என்ற இடத்தில் புருஷனுக்குக் கை ஓடவில்லை. அவர் அம்மா இருக்கிறாள். இவள் அம்மாவும் இருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர்களை எப்படிச் சாகடிப்பது என்று போனை வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனார்.

அவள் எடுத்து நிரப்பினாள்.

சண்முகக்கனி.

அவளுடைய பெயர்தான். செத்துவிட்டதாகப் பொய்ச்செய்தி பரவினால் ஆயுசு கெட்டி என்பார்களே. ஆகட்டுமே, கழுதை.

பத்தே நிமிடத்தில் பாஸ் வந்தது. யார் பெயரைப் போட்டாய் என்று கேட்டார். ஒரு தூரத்து அத்தை என்றாள். அவர் பாஸைத் திறந்து படிக்கவில்லை.

தெருவிலும் துக்கம் என்றே சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, போயிட்டு வா தாயி என்று அனுப்பும் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் இன்று வாயே திறக்கவில்லை. சாவுக்குப் போகிறவர்களிடம் யார் அப்படிச் சொல்வார்கள்? நியாயம்தான். ஆனாலும் வண்டி தெரு திரும்பும் வரை அவள் அந்த வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வழியில் இரண்டு செக்போஸ்ட். இரண்டிலும் பேசாமல் கையசைத்து விட்டுவிட்டார்கள்.

இது மூன்றாவது. இந்தப் பெண் போலீஸ் படிக்கிறாள்.

இறந்தவர்: சண்முகக்கனி.

பயணிப்பவர்கள்: பரமசிவன், சண்முகக்கனி.

வண்டியில் போகிறவர்கள் பட்டியலிலும் தன் பெயர் இருக்கும் என்பது மறந்துபோன இந்தப் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

யார் இறந்தது என்று கேட்டாள் பெண் போலீஸ்.

தூரத்து அத்தை என்றார் புருஷன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நன்றாகத்தான் நடித்தார், பாவம்.

பெண் போலீஸ் குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள்.

மாஸ்க்குக்கு மேலே புருவமில்லாத கண்கள். நழுவிய முந்தானைக்குள் முடியில்லாத தலை. மடியில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேன் உறை.

இங்கே திருப்பி அனுப்பினால் அவ்வளவுதான். கும்பிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெண் போலீஸ் போனைத் திருப்பிக் கொடுத்தாள். தடுப்பை இழுத்து ஒதுக்கினாள். பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"போயிட்டு வாங்கக்கா."

வண்டி நகர்ந்தது.

சாவுக்குப் போகிறவர்களிடம் இப்படியா சொல்வது, அந்தப் பெண்ணுக்கு ஒரு விவரமும் தெரியவில்லை என்று புருஷன் சாத்தூர் வரைக்கும் சலித்துக்கொண்டே வந்தார்.

ஆமாம் ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். மாஸ்க் நனைந்துவிட்டிருந்தது.