மஞ்ச மண்ணு

பிறந்த தேதி என்ன என்று கைப்பேசி கேட்டது.

அவள் கடை பிறந்த தேதியைப் போட்டாள்.

பொடிக் கடைக்கென்று இணையத்தில் திறந்திருந்த பக்கம். கடைக்குத்தான் பிறந்தநாள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்ட நிம்மதியில் அடுப்பைப் பார்க்கப் போனாள். துவரம்பருப்பு சிவக்கிற நேரம். பதம் தப்பினால் பொடி கசந்துவிடும்.

திரும்பி வந்தபோது பக்கம் இல்லை.

நான்கு வயதுக் குழந்தைக்கு இங்கே கணக்கு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் அவள் குழந்தையாம்.

பிறகு நீலக்குடை நினைவுக்கு வந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நீலக்குடை என்பது ஓர் ஆள். முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு நீலக்குடைப் படம், அவ்வளவுதான். பெயரும் கிடையாது. அவள் பருப்புப் பொடியோ எள்ளுப் பொடியோ படம் எடுத்துப் போட்டால் முதல் இதயம் அங்கிருந்துதான் வரும். ஒரு வார்த்தை எழுதியதில்லை.

ஒரே ஒரு முறை கேட்டது. "பூண்டு போட்டிருக்கா?"

மகளுக்குப் பூண்டு ஆகாது.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மகள் போன அன்று, இனி அவளோடு பேசுவதில்லை என்று இவளிடம் கணவர் சத்தியம் வாங்கியிருந்தார். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது பேச்சில் சேராது என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். "போடலைம்மா" என்று எழுதினாள். அந்த 'ம்மா'வை அவள் எல்லோருக்கும்தான் போடுகிறாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் எந்தப் பொடியிலும் பூண்டு விழவில்லை.

இப்போது குடையும் போயிற்று.

புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். பழைய ஆட்களில் கொஞ்சம் பேர் எப்படியோ தேடிப் பிடித்து வந்தார்கள். கைப்பேசி சிணுங்கும்போதெல்லாம் கரண்டியும் கையுமாக ஓடி வந்து பார்த்தாள்.

குடை வரவில்லை.

ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்தது.

கீழ்வீட்டில் டிடிபி கடை வைத்திருக்கும் நஸ்ரின்தான் ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"அது ஒண்டுக்குடித்தனம்க்கா. வீட்டுக்காரன் நெனச்சா சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவான். பக்கம் இருக்கட்டும், நாலு பேரு கண்ணுல பட அது வேணும். ஆனா சொந்தமா ஒரு வெப்சைட்டும் வேணும்ல? உங்களத் தொலைச்சவங்க தேடினா எங்கக்கா வருவாங்க?"

தொலைச்சவங்க.

நஸ்ரின் வாடிக்கையாளர்களைத்தான் சொன்னாள்.

அவள் யோசிக்காமல் சரி என்றாள்.

பொடிகளின் படங்களை ஏற்றி, பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்த நஸ்ரின், பருப்புப் பொடிக்கு எப்படிப் போடட்டும் என்று கேட்டாள்.

"மஞ்ச மண்ணு."

நஸ்ரின் கையை எடுத்துவிட்டாள். "திங்கிற பொருளுக்கு மண்ணுன்னா பேர் வைப்பாங்க? யாருக்கா அப்படிப் போட்டுத் தேடுவாங்க?"

"தேடுறவ தேடுவா."

சோற்றின் மேல் விழுந்த பொடியைப் பார்த்து, பேசத் தொடங்கிய ஒரு குழந்தை வைத்த பெயர் அது. மஞ்ச மண்ணு போடு, நெய்யி ஊத்து. உறையூரில் வேறெந்த வீட்டிலும் அந்தப் பெயர் கிடையாது.

பக்கத்தில் போடுவது நாளைக்குக் கீழே இறங்கி, நாளை மறுநாள் காணாமல் போகும். வெப்சைட்டில் போட்டது போட்ட இடத்தில் நின்றது. அவளும் நின்றாள்.

ஆர்டர்கள் வரத் தொடங்கின. பெறுநர் முகவரி எழுதுவது கணவரின் வேலை. இந்த வியாபாரத்தில் அவர் தொடுவது அது ஒன்றைத்தான். அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. அனுப்புநர் இடத்தில் கடை முத்திரையைக் குத்தித் தள்ளிவிடுவார். யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் ஓர் ஆர்டர் வந்தது.

மஞ்ச மண்ணு, ஒரு பாக்கெட்.

இதயம் போட முகமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். பார்சல் வந்து சேர முகவரி வேண்டும்.

மு. எழிலரசி. ஓசூர்.

துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ வைத்து மகளை நினைத்து ஏங்கியிருந்தாள். சேலத்தில் ஒரு பஸ் மாறினால் ஓசூர். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா என்று அழுகை வந்தது. மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு ஒன்றுமே வேண்டாம் போலிருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அனுப்ப வேண்டிய முகவரிகளின் நடுவே அதையும் செருகி அவரிடம் கொடுத்தாள்.

அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

ஓரிடத்தில் பேனா நின்றது.

மு.

கல்யாணமானால் மாறிவிடுகிற எழுத்து. மாறவில்லை. முத்தையா என்ற அவர் பெயரின் மு அப்படியே இருந்தது.



அவர் மகள் பெயரை எழுதினார். தெருவை, ஊரை, பின்கோடை எழுதினார். கடை முத்திரையைக் கையில் எடுத்தவர், குத்தாமல் திரும்ப வைத்துவிட்டார்.

சாயங்காலம் கூரியர்காரர் வந்து பார்சல்களைப் பையில் போட்டுக்கொண்டார். கணவர் மடியில் இருந்த பார்சலைப் பார்த்து, "அது போகலையா சார்?" என்று கேட்டார்.

சத்தியம் செய்தது அவள்தான். அவரிடம் யாரும் சத்தியம் கேட்டதில்லை.

"தம்பி, சேலத்துக்கு விடியகாலையில பஸ் இருக்கா?"

அவள் உள்ளே போய் இன்னும் கொஞ்சம் பருப்பை வறுக்கப் போட்டாள்.