ஐஸ்பெட்டிக்குள் சாண்ட்விச்

ஜூன் 9. போன கோடைப் பயணம் முடிந்ததும், காரில் கொண்டுபோன ஐஸ்பெட்டியைக் கழுவாமல் மூடிவைத்தது தன் தவறுதான் என்று மார்லிஸ் நாட்குறிப்பில் எழுதினாள். நேற்று திறந்தபோது உள்ளே ஒரு மீன் சாண்ட்விச் கொழகொழத்துக் கிடந்தது. அதை எறிந்துவிட்டு, பெட்டியில் பிளீச் ஊற்றித் தேய்த்தாள். இன்று காலை அதே சாண்ட்விச் உள்ளே கிடந்தது, ஒரு கடியோடு.

"நீதானே கடிச்சே?" என்றாள் கணவன் டுவெய்னிடம்.

"சீ, நாய்கூட மோந்து பாக்காது. பல்லுத்தடத்தைப் பாரு, பால்பல்லு. நம்ம பசங்க ரெண்டும் தாடி வளக்குதுங்க."

"வேற பெட்டி வாங்கலாம்."

"வாங்கினா பெட்ரோலுக்கு எங்க போறது? பெரியவன் பட்டாளத்துக்குப் போறதுக்குள்ள நாலு பேரும் ஒரேகான் போயி கடலைப் பாக்கணும்னு சொன்னது நீதான்."

மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி திறந்தாள். இன்னொரு கடி, எச்சில் காயாமல் இருந்தது.

நாட்குறிப்பின் அடியில் எழுதினாள்: நாளை ஐந்து சாண்ட்விச் செய்ய வேண்டும்.