முட்டி இடித்த நாற்காலி

"அக்கா, டீ என்ன ஆச்சு? சார் எவ்ளோ நேரமா காத்திருக்காரு!" என்று நாற்காலியில் சாய்ந்தபடியே குரல் கொடுத்தான் தம்பி.

எதிரே பேங்க் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கடன் கேட்டவர்களின் கடையை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்தவர். அவர் தலையாட்டினால் மோட்டாருக்குச் செம்புக் காயில் சுற்றப் புது மெஷின் வரும். ஆட்டாவிட்டால், தெருமுனையில் மெஷின் வைத்திருக்கும் பெரிய கடைக்காரன் மிச்சம் மீதி வாடிக்கையையும் வாரிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் இந்தப் பட்டறைக்குப் பூட்டுதான்.

சின்ன இடம். சுவரோரம் வாயைப் பிளந்து கிடக்கும் மோட்டார்கள், தரையெல்லாம் செம்புக் கம்பி, எந்தப் பக்கம் திரும்பினாலும் வார்னிஷ் நெடி. வாசலில் மட்டும் பெயிண்ட் வாசனை போகாத புது போர்டு. அதில் தம்பியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அக்கா இரண்டு தம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு விரல்களை மடக்கிக்கொண்டு ஓரமாய் நின்றாள்.

"இவங்க?"

"எங்க அக்கா சார். மாமா தவறிட்டாரு. நம்மகூடத்தான் இருக்காங்க."

"அடடா! இந்தக் காலத்துல கூடப்பிறந்தவளுக்கு யாரு சார் சோறு போடறா? பெரிய மனசு உங்களுக்கு." அதிகாரிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "மாசம் எத்தனை மோட்டார் கட்டுவீங்க?"

"முப்பது வரும் சார்."

"நாப்பது" என்றாள் அக்கா. வாய் சும்மா இருந்தால்தானே.

"நீ உள்ள போக்கா! ஆம்பளைங்க பேசறப்ப குறுக்க குறுக்க வந்துகிட்டு!"

அதட்டல் பலமாகவே விழுந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிகாரி சிரித்தார்.

"விடுங்க சார், எங்க வீட்லயும் இதே கதைதான். சரி, வேலை நடக்கிற இடத்தைக் காட்டுங்க."

தம்பி எழுந்தான். ணங்கென்று முட்டி மேசையில் இடித்தது. உட்கார்ந்ததிலிருந்தே இந்த இடிதான். நாற்காலியும் குட்டை, மேசையும் குட்டை. பனைமரம் மாதிரி வளர்ந்தவன் காலை எங்கேதான் வைப்பான், பாவம்.

"என்ன சார், முதலாளி நீங்க. உங்க உயரத்துக்கு ஒரு நாற்காலி போட்டுக்கக் கூடாதா?"

"எங்க சார் நேரம்? வேலையே சரியா இருக்கு" என்று தம்பி முட்டியைத் தேய்த்துக்கொண்டான்.

அதிகாரி நாலு மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, திருப்தியாகத் தலையை ஆட்டினார். திரும்பி வந்து தாள்களை நீட்டினார்.

"லைசென்ஸ் உங்க பேரு, கணக்கும் உங்க பேரு. இனி ஒரு வில்லங்கமும் இல்ல. இங்க ஒரு கையெழுத்து போடுங்க. அடுத்த வாரம் பணம் உங்க கணக்குல ஏறிடும்."

தம்பி கையெழுத்துப் போட்டதும் அதிகாரி கை குலுக்கிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார். தம்பி உள்ளே வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

அந்த ஸ்கூட்டர் சத்தம் அடங்கும்வரை கதவிடுக்கில் நின்றிருந்த அக்கா ஓடி வந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அடப்பாவி! என்னமா அதட்டினே! எனக்கே நீதான் முதலாளின்னு தோணிப்போச்சுடா!"

மடக்கியிருந்த விரல்களை இப்போதுதான் விரித்தாள். நகக்கண் எல்லாம் வார்னிஷ் ஏறிக் கறுத்திருந்தது. புருஷன் போன நாளிலிருந்து இந்தப் பட்டறையில் மோட்டார் கட்டுகிற கை அது ஒன்றுதான். போன இடமெல்லாம் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு வந்த தம்பிக்கும் அந்தக் கைதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

"போன வருஷம் இதே ஆளு முன்னாடிதான் போய் நின்னேன். 'வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பினாரு. இன்னிக்கு என் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல, பாத்தியா? அன்னிக்கு நிமிர்ந்து பாத்திருந்தாத்தானே!"

அதற்காகத்தான் லைசென்ஸை மாற்றினாள். அதற்காகத்தான் தன் பெயர் இருந்த போர்டைத் தன் கையாலேயே கழற்றினாள். பேப்பரில்தானே, பெற்ற பிள்ளை போல வளர்த்த தம்பிதானே என்று நினைத்தாள்.

மூலையில் பாதி கட்டியிருந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். மெஷின் வந்தால் எங்கே போடலாம் என்று கண் அதற்குள் இடம் தேட ஆரம்பித்துவிட்டது.

"சரி, நாடகம் முடிஞ்சுது. எந்திரிடா, சாயங்காலத்துக்குள்ள இதைக் குடுத்தாகணும்."

தம்பி எழுந்திருக்கவில்லை. மேசையில் இருந்த டீயை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தான்.

"நீ அந்த ஸ்டூல்ல உக்காந்து கட்டுக்கா. நாளைக்கே என் உயரத்துக்கு ஒரு நாற்காலி வாங்கிடறேன்."