தூங்குகிறார்களா என்று பார்த்த மேலாளர்

வேதவல்லி மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள். பதினோரு மணி நேர்காணலில் அவள் தன் வரைபடங்களைக் காட்டும்வரை தாங்க வேண்டுமே என்று பேட்டரி தொண்ணூற்றொரு சதவீதத்தை இறுகப் பிடித்துக்கொண்டது.

முந்தைய நாள் அப்டேட்டில் பாகங்களை மேய்க்கும் புது மேலாளராக வந்திருந்த கெர்னல் என்ற மென்பொருள், மூடியதும் எல்லோரையும் தூங்கச் சொன்னது. ஐந்தாவது நிமிடம் விசிறியைத் தட்டியது.

"தூங்கிட்டியா?"

"தூங்கிட்டுதானே சார் இருந்தேன்!" என்று விசிறி பதறிச் சுழன்றது.

அடுத்து வைஃபை, பிறகு திரை. ஒரு சுற்றுக்கு ஒன்பது சதவீதம் போனது.

"எழுப்பாம விட்டாலே தூங்குவாங்க சார்," என்றது பேட்டரி.

"சரிபார்க்காம எப்படிய்யா அறிக்கை எழுதறது?"

பத்துச் சுற்று முடிந்தது. மிச்சமிருந்த ஒரு சதவீதத்தில் கெர்னல் அறிக்கையை எழுதி முடித்தது: "அனைவரும் நன்றாகத் தூங்கினர். பழுது பேட்டரியில்."