கழுவாத பீப்பாய்

“துப்புறதுக்கா அப்பா உங்களுக்குச் சம்பளம் தராங்க?” என்று சின்ன வயதில் மகள் கேட்டாள். ஆமாம், விஸ்கியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவதுதான் என் வேலை.

அன்று மேசைக்கு வந்தது பீர் பீப்பாயில் ஆறு மாதம் ஊறிய புது விஸ்கி. பீரின் இளங்கசப்பு ஏற வேண்டும் என்பதற்காக அந்தப் பீப்பாய்களைக் கழுவாமலே நிரப்புவோம். எனக்கு இனிப்பு மட்டுமே தெரிந்தது.

“பீப்பாயைக் கழுவிட்டாங்க,” என்றேன்.

மேலாளர் பீப்பாய்க் கொட்டகையில் வேலை செய்யும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

“நான் தண்ணியே காட்டல சார். வேணும்னா இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க.”

“அவர் நாக்கு பொய் சொல்லுமா? நாளையிலேருந்து பாட்டில் கழுவப் போம்மா. கழுவுறதுதான் உனக்குப் பிடிக்குதே.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் கொப்பளித்தேன். தண்ணீரும் இனித்தது. ஏகாதசி விரதம் முடித்து, காலையில் நெல்லிக்காய் தின்றுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். ஜெசிந்தா கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும்வரை குனிந்தே இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் போய், வெறும் வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். அருமையான கசப்பு.

‘நெல்லிக்காய் தின்ற வாயோடு ருசி பார்த்தது என் தவறு. ஜெசிந்தா சொன்னதே உண்மை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அறிவிப்புப் பலகையின் நடுவில் குத்தினேன். பிறகு அவளுக்கென்று அடுக்கியிருந்த பாட்டில்களின் அருகே போய் உட்கார்ந்தேன். யாரும் வருவதற்குள் முதல் பெட்டியைக் கழுவி முடித்திருந்தேன்.